களை பறித்த பேய்

வாழ்க்கையில் என்னைப் பயமுறுத்தியவர்கள் நிறையப் பேர் உண்டு. கணக்கு வாத்தியார், தெரு நாய், கல்யாண மண்டபத்து மேனேஜர், கண்ணாடியில் வருஷத்துக்கு ஒரு விரற்கடை பின்வாங்கும் என் முன்நெற்றி. ஆனால் பயமுறுத்துவதற்கென்றே நானாகத் தேடிப் பிடித்த ஒரே ஒருவர், மூன்று படம் எடுத்தும் ஒரு குழந்தையைக்கூடப் பயமுறுத்தவில்லை. அந்த அக்காவைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். பெயர் வேண்டாம். படம் வந்த பிறகு ஊரிலேயே பாதிப் பேர் அவர் பெயரை மறந்துவிட்டு, மிகுந்த மரியாதையோடு, ‘பேயக்கா வந்துட்டாங்களா?’ என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

நினைவில் அவர் நீலமாகத்தான் வருகிறார். முழங்கால் உயர நெல் நீலம், வரப்பு நீலம், அவருடைய வெள்ளைப் புடவை வெளிர்நீலம், ஓரத்தில் நிற்கும் கொக்குகூட நீலம். எங்களிடம் விளக்குகள் கிடையாது. அதனால் பேய் வரும் காட்சிகளையெல்லாம் உச்சி வெயிலில் எடுத்து, கம்ப்யூட்டரில் நீலத்தை ஏற்றி, நிலா வெளிச்சம் என்று சொல்லிக்கொண்டோம். மாதக்கணக்கில் அவற்றையே வெட்டி ஒட்டிக்கொண்டிருந்ததில் சாயம் என் மண்டைக்குள்ளும் இறங்கிவிட்டது. அந்த மத்தியானங்கள் உண்மையில் என்ன நிறத்தில் இருந்தன என்று எவ்வளவு யோசித்தாலும் பிடிபடுவதில்லை. வெயில் அலையலையாக எழும், அதற்கு நடுவில் அவர் தரையில் கால் பாவாதவர் போல வருவார். கிட்டே வந்தால் காலெல்லாம் சேறு.

முதல் படத்தைப் பார்த்துவிட்டு பிற்பாடு ஒரு நாள் அவர் கேட்டது இது: “நெலா வெளிச்சத்துல எதுக்குத் தம்பி எல்லாரும் கண்ணைச் சுருக்கிக்கிட்டு நிக்கிறோம்?”

நான் திருக்கடையூரில் கல்யாண வீடியோ எடுப்பவன். எங்கள் ஊர்க் கல்யாணங்களில் மாப்பிள்ளைக்கு அறுபது வயது, பெண்ணுக்கு முழங்கால் வலி. அறுபதில் ஒருமுறை, எழுபதில் ஒருமுறை, எண்பதில் ஒருமுறை என்று அதே மாப்பிள்ளை அதே பெண்ணுக்குத் தாலி கட்டுவார். கதை எல்லோருக்கும் தெரியும், முடிவும் தெரியும். ஆனாலும் வேன் பிடித்து வந்து, முடிச்சு விழும் நேரத்தில் கண் கலங்குவார்கள். இரண்டாம் பாகம், மூன்றாம் பாகம் எடுக்கிறவர்கள் மீது எனக்குப் பக்தி வந்தது இங்கேதான். போதாததற்கு இது எமனே சிவனிடம் உதை வாங்கி விழுந்த ஊர். விழுந்தவனைப் பூமாதேவி வந்து கேட்டுக்கொண்டதால் மறுபடி எழுப்பியும் விட்டார்கள். எமனுக்கே இரண்டாம் பாகம் உண்டென்றால் என் பேய்க்கு ஏன் கூடாது?

என் லட்சியம் சின்னதுதான். பார்க்கிறவர்களில் ஒரே ஒரு ஆளாவது பயந்து அலற வேண்டும். சிரிப்புப் படம் எடுக்கும் எண்ணம் சத்தியமாக எனக்குக் கிடையாது. இதைச் சொன்னால் அதற்கும் சிரிக்கிறார்கள்.

அக்கா நடவுக்கு வருபவர். பத்துப் பெண்கள் கொண்ட கோஷ்டிக்கு அவர்தான் தலைவி. எங்கள் வீட்டில் குத்தகைக்கு எடுத்திருந்த நிலத்துக்கும் அவர்கள்தான் வருவார்கள். ஒரு நாள் நண்பகலில், தலைக்குக் குளித்த முடியை ஆறப் போட்டபடி அவர் வரப்பில் தனியாக நின்றிருந்தார். நெடுநெடுவென்ற உயரம். அசையவில்லை, இமைக்கவில்லை. கண் ஒரே இடத்தில் குத்திட்டு நின்றது. என் முதுகில் எறும்பு ஊர்ந்தது. பேய் கிடைத்துவிட்டது என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன். அடுத்தவர் வரப்பில் தண்ணீரைக் கசியவிட்டுக்கொண்டிருந்த ஒரு நண்டு வளையைத்தான் அவர் அப்படி முறைத்துக்கொண்டிருந்தார் என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

விஷயத்தைச் சொன்னபோது கோஷ்டி முழுக்க வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. கணவர் இறந்து வெகுகாலம் ஆகியிருந்தது. ஒரே மகள், தஞ்சாவூரில் விடுதியில் தங்கி நர்ஸிங் படித்துக்கொண்டிருந்தாள்.

“எனக்கு ஒன்னும் இல்ல தம்பி. நாளைக்குப் பாப்பாவுக்கு ஒரு எடம் வரணும். பேயாட்டம் ஆடுன வூட்டுப் பொண்ணுன்னு ஒருத்தர் சொல்லிடக் கூடாது. மூஞ்சி தெரியாம எடுப்பீங்களா?”

எடுப்பேன் என்று சத்தியம் செய்தேன். பேய் என்றால் தலைவிரி கோலம்தானே, முடி முன்னால் விழுந்து முகத்தை மூடிவிடும், பெற்ற மகளுக்கே அடையாளம் தெரியாது என்று விளக்கமும் கொடுத்தேன். வாய் இருக்கிறதே.

அக்காவின் குணத்தைப் பற்றி அப்போதே நாலு பேரிடம் விசாரித்திருக்க வேண்டும். அவரால் ஒன்றை இன்னொன்றாகக் காட்ட முடியாது. வளைகாப்பு வீட்டில் புளியோதரை எப்படி என்று மரியாதைக்குக் கேட்டால், உப்பு பத்தவில்லை என்று மரியாதையாகச் சொல்வார். நடவு முடிந்ததா என்று நிலத்துக்காரர் வரப்பில் நின்று கேட்கையில் ஒன்பது பேரும் முடிந்தது என்பார்கள். இவர் மட்டும், வடமேற்கு மூலையில் ரெண்டு முழம் பாக்கி என்பார். தூக்கிச் செருகிய புடவையை இறக்கிவிட்டுக் கரையேறியவர்கள் எல்லோரும் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி இறங்குவார்கள். இப்படிப்பட்டவரைத் தேடிப் போய் நடிக்கக் கூப்பிட்ட புத்திசாலி நான்.

முதல் காட்சி சுலபமானது. பேய் இமைக்காமல், மெதுவாக, வரப்பில் நடந்து கதாநாயகனை நோக்கி வர வேண்டும். கதாநாயகன் நான். வேறு ஆள் கிடைக்கவில்லை என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தேன். நான் யாரையும் கேட்கவே இல்லை. ஸ்டூடியோ நண்பன் கேமராவைப் பிடித்திருந்தான். அக்கா இரண்டு அடி பிரமாதமாக வைத்தார். மூன்றாவது அடியில், முன்னால் விழுந்திருந்த முடியை எடுத்து இரண்டு காதுக்கும் பின்னால் செருகிக்கொண்டு குனிந்தார். எதையோ பிடுங்கி வரப்பில் எறிந்தார். பிறகு மறுபடி பேயாகி நடந்தார். நாலாவது அடியில் இன்னொன்று.

“அக்கா, நீங்க செத்துப் போயிட்டீங்க.”

“தெரியும் தம்பி.”

“செத்தவங்க களை பறிக்க மாட்டாங்க.”

“கண்ணுல பட்டுடுச்சேங்க. பாத்துட்டு எப்புடிப் பாக்காத மாரி போறது?”

அது நெல்லைப் போலவே வேஷம் போட்டுக்கொண்டு நெல்லுக்குள் நிற்கும் ஒரு புல். எனக்கு இரண்டும் ஒன்றுதான். அவருக்கு மட்டும் பத்தடி தூரத்திலேயே தெரிந்துவிடும். ஆறு முறை எடுத்தோம். ஆறாவது முறை முடிந்தபோது காட்சி வரவில்லை, வயலில் அந்தப் பக்கம் சுத்தமாகியிருந்தது. கேமராவில் சார்ஜ் போய்விட்டது.

பதினெட்டு நிமிடப் படம் தயாரானது. ஒரு சஷ்டியப்தபூர்த்திக்கு வாடகைக்கு எடுத்திருந்த பெரிய திரை சாயங்காலம் வரை சும்மாதான் நிற்கும் என்று தெரிந்தது. சாப்பாடு முடிந்து, சொந்தக்காரர்கள் எல்லாம் ஜமுக்காளத்தில் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்திருந்த மூன்று மணி. மின்விசிறிகளின் சத்தம், பூ வாசனை, வெற்றிலை வாசனை, பாதித் தூக்கம். படம் போட்டுக்கொள்ளட்டுமா என்று மாப்பிள்ளையைக் கேட்டேன். அவர் கண்ணைத் திறக்காமலே ‘ம்’ என்றார்.

பேய் வரப்பில் தோன்றியதும் மண்டபம் அமைதியானது. என் நெஞ்சு நிறைந்தது. பேய் குனிந்தது, பிடுங்கியது, எறிந்தது. ஒரு மூலையிலிருந்து ஒரு பெரியவர் நிதானமாக, “பக்கத்துல ஒரு கோரை நிக்கிது, அதை வுட்டுடுச்சு பாரு” என்றார். அடுத்த அடியில் பேய் திரும்பி வந்து அந்தக் கோரையையும் பிடுங்கியது. அவ்வளவுதான். படுத்திருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். எழுந்தவர்கள் பக்கத்தில் தூங்கியவர்களை எழுப்பினார்கள். அறுபதாம் கல்யாணப் பெண் கழுத்து மாலை குலுங்கக் குலுங்கச் சிரித்தார். கனவிலிருந்து ஒவ்வொருவராகச் சிரித்துக்கொண்டே கண்விழிப்பது போல இருந்தது அது. நான் சமையலறைக்கு ஓடிவிட்டேன். பாயசம் அவ்வளவு நன்றாகவா இருந்தது என்று சமையல்காரர் கேட்டார்.

திரும்பி வந்தபோது, படம் பார்க்க நான் வரச் சொல்லியிருந்த அக்கா ஒரு தூணோரமாக நின்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மூஞ்சி தெரியுதே தம்பி.”

வெளியிடுவதற்கு முன் அந்த இடங்களை எல்லாம் வெட்டிவிடுகிறேன் என்றேன். அவர் படம் முடியும்வரை பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமல், மண்டபத்தைப் பார்த்தபடி, “சிரிக்கிறாங்கல்ல?” என்றார்.

நான் வெட்டவில்லை. அந்த இடங்களை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது நான் ஓடுவது மட்டும்தான். அதை நானே இரண்டு முறை பார்க்க மாட்டேன். அக்காவும் அதைப் பற்றி மறுபடி கேட்கவில்லை. கேட்காததைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது.

படத்தை நெட்டில் போட்டேன். படத்துக்கு நான் வைத்த பயங்கரமான தலைப்பு ஒருவர் வாயிலும் நுழையவில்லை. எங்கெங்கோ இருந்து ஆட்கள் வந்து பார்த்தார்கள். பார்த்தவர்களே மறுபடி மறுபடி வந்தார்கள். இந்தப் பேய்க்கு இருக்கும் பொறுப்பு எங்கள் பஞ்சாயத்துக்கு இல்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். பேயை எங்கள் ஊருக்கு ஒரு வாரம் அனுப்ப முடியுமா, கூலி கொடுத்துவிடுகிறோம் என்று இன்னொருவர். கதாநாயகனை எப்போது கொல்வீர்கள் என்று கேட்டவர்களும் உண்டு. நிறையப் பேர்.

ஏன் பார்க்கிறார்கள் என்று நானும் யோசித்திருக்கிறேன். பெரிய படத்துப் பேய் வரும்போது நாம் நாற்காலியில் தனியாள் ஆகிவிடுகிறோம். எங்கள் மாதிரிப் படத்தில் ஒட்டுத் தாடி தொங்கும், கயிறு தெரியும், சுடுகாட்டுக்குப் பின்னால் ஒருவர் மொபெட்டில் பால் கேனோடு போவார். உடனே பக்கத்தில் இருக்கிறவரின் தொடையைத் தட்டத் தோன்றும். நம் வீட்டுக் கல்யாணத்தில் எதுவும் சரியாக நடக்காததைப் போல இங்கேயும் நடக்கவில்லை என்பதில் ஒரு நிம்மதி. அப்புறம் அந்தப் பேய். இத்தனை கோளாறுக்கும் நடுவில் அது ஒன்றுதான் தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருந்தது.

இரண்டாம் பாகத்தில் நான் செய்த முட்டாள்தனத்தை எழுதக் கை கூசுகிறது. களை பறிப்பதைக் கதையிலேயே எழுதிவைத்தேன். காட்சிக்கு முன்னால் நானே போய் ஒரு கொத்துப் புல்லைக் கொண்டுவந்து நெல்லுக்குள் ஊன்றியும் வைத்தேன். பேய் வந்தது. புல்லைப் பார்த்தது. தாண்டிப் போய்விட்டது. ஏனக்கா என்றேன். “இது களை இல்லீங்களே. நீங்க நட்டது” என்றார்.

அந்தப் படம் அங்கேயே படுத்திருக்கும். காப்பாற்றியது தண்ணீர். உச்சகட்டக் காட்சி, பேய் இரண்டு கையாலும் என் கழுத்தை நெரிக்கிறது. எங்கள் வயலுக்கு முறைத் தண்ணீர் வர வேண்டிய நாள் அது. காலையிலேயே வந்திருக்க வேண்டியது வரவில்லை என்று நான் மறந்தும் போயிருந்தேன். அக்கா மறக்கவில்லை. வாய்க்காலில் எங்கோ தூரத்தில் சலசலப்புக் கேட்டதும் அவர் கை தளர்ந்தது. என்னை அப்படியே விட்டுவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மடையைத் திறக்க ஓடினார். நான் நாக்கைத் தள்ளியபடி காற்றில் நெரிபட்டுக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தவரிடம் கத்தினேன்.

“கழுத்து எங்கயும் போயிடாது தம்பி. தண்ணி போயிடும்” என்றார்.

அதுவும் படத்தில் அப்படியே இருக்கிறது. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஒன்று, இரண்டு என்று பாகம் சொல்லத் தெரியாது. நெல் போகங்களின் பெயரில் முதல் படத்தைக் குறுவை என்றார்கள், இரண்டாவதைச் சம்பா என்றார்கள். தாளடி எப்போது என்று டீக்கடையில் நிறுத்திக் கேட்க ஆரம்பித்தார்கள். ஒரே வயல், ஒரே சேறு, இருந்தாலும் ஒவ்வொரு போகமும் வேறு என்பது அவர்களுக்கு நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

அக்காவிடம் மாற்றம் தெரிந்தது. படப்பிடிப்பு நாளன்று எங்களுக்கு முன்னால் வந்து வரப்பில் உட்கார்ந்திருப்பார். அந்தப் பேய் எதனால் செத்தது என்று நான் யோசித்ததே இல்லை. அவர் யோசித்திருந்தார். ஒரு நாள் பாம்பு கடித்துச் செத்தது என்பார், இன்னொரு நாள் யோசித்துவிட்டு, இல்லை, நாத்து முடிச்சு தூக்கும்போது மார் அடைத்திருக்கும் என்பார். ஒரு மத்தியானம் வேப்ப மரத்தடியில் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். யாரும் கேட்காமல் அவராகவே சொன்னார்.

“எத்தினி வயல் நட்டிருப்பேன் தம்பி. இது அவ நட்ட வயலுன்னு ஒருத்தரு நின்னு பாத்திருப்பாங்களா? இதுல குனிஞ்சா பாக்குறாங்க, நிமுந்தா பாக்குறாங்க.”

நான் வழக்கம்போல ஏதாவது கேலி சொல்லியிருப்பேன். என்ன சொன்னேன் என்பது நினைவில்லை. சொல்லாமல் இருந்திருக்க மாட்டேன்.

தாளடியில் பேய் செத்த கதையைக் காட்டுவதாக ஏற்பாடு. அவர் வீட்டு வாசலிலேயே பாடை கட்டி அவரைப் படுக்க வைத்தோம். கோஷ்டிப் பெண்கள் பொய்யாக ஒப்பாரி வைக்க வந்தவர்கள், இரண்டாவது அடியிலேயே அவரவர் துக்கம் ஞாபகம் வந்து நிஜமாகவே அழ ஆரம்பித்துவிட்டார்கள். பிணம் இதைப் பொறுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்து, “அழுவாதீங்கடி, சும்மாதான்” என்று பக்கத்தில் இருந்தவளின் கண்ணைத் துடைத்தது.

உள்ளே ஒரு காட்சி பாக்கி இருந்தது. அவருடைய பாஸ்போர்ட் சைஸ் போட்டோவைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, சந்தன மாலை சாத்தி, சுவரில் அவர் கணவர் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினேன். ஆணியும் சிவப்புச் சீரோ பல்பும் ஏற்கெனவே அங்கே இருந்ததுதான் காரணம். அக்கா தள்ளி நின்று இரண்டு படத்தையும் பார்த்தார். “ஜோடியா இருக்கு” என்றார். காட்சியை எடுத்து முடித்ததும் எழுபதாம் கல்யாணமான பீமரத சாந்தி ஒன்றுக்கு அழைப்பு வந்து அவசரமாகக் கிளம்பிவிட்டோம். பாடையைப் பிரித்தோம், வாசலைக் கூட்டினோம், டீ கிளாஸ்களைக்கூட எண்ணித் திருப்பிக் கொடுத்தோம். போட்டோவை மறந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் அதை எடுத்துவரப் போனேன். தெருமுனையில் திரும்பும்போது அந்த அலறல் கேட்டது. ரெண்டு நாள் லீவு கிடைத்து, அம்மாவிடம் சொல்லாமல் விடிகாலை பஸ்ஸில் வந்த மகள் கதவைத் திறந்திருக்கிறாள். வீட்டில் யாரும் இல்லை. சுவரில் அம்மா, மாலையோடு, சிவப்பு விளக்குக்குக் கீழே.

ஒரே ஒரு ஆளாவது அலற வேண்டும் என்றுதானே ஆசைப்பட்டேன்.

வயலிலிருந்து முழங்கால் சேறோடு அக்கா ஓடிவந்தார். மகள் தரையில் உட்கார்ந்தபடியே அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டாள், பிறகு அந்தக் காலிலேயே அடித்தாள். நான் சுவரிலிருந்து போட்டோவைக் கழற்றிக்கொண்டு நின்றேன். மாலை என் கையில் தொங்கியது. அவள் என்னைப் பார்த்துக் குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

“அண்ணா, உங்களுக்கு விளையாட வேற வூடே கெடைக்கலையா?”

பாடையும் போட்டோவும் வரும் காட்சிகளை மட்டும் படத்திலிருந்து எடுத்துவிடலாம் என்று அக்காவிடம் பிறகு சொன்னேன். “எடுத்தா அவ செத்ததே தெரியாதே தம்பி” என்றார். கதை இடிக்கும் என்பது அவர் கவலை. அப்படியே வெளியானது.

அடுத்த வருஷம் மகள் தஞ்சாவூரிலேயே ஒரு மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தாள். சீர்காழிப் பக்கம் ஒரு இடம் அமைந்து வருவதாகப் பேச்சு வந்தது. உரக்கடைக்காரர் மகன், வெளிநாட்டில் வேலை. இரண்டு பேருக்கும் ஏற்கெனவே பிடித்துப்போயிருந்தது. பெரியவர்கள் வந்து பார்த்துப் பேச வேண்டியதுதான் பாக்கி. அக்கா அந்த நாட்களில் பாதி மண்ணிலும் பாதி வானத்திலும் நடந்தார். களத்து மேட்டில் என்னை நிறுத்தி இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள், பேச ஆம்பளை துணை வேண்டும், நான் வர வேண்டும். இன்னொன்று நாலாம் பாகத்தின் கதை.

“இந்தவாட்டி அவ யாரையும் துரத்த வேணாம் தம்பி. ஒரு நாளு பஸ் ஏறிப் பூம்பார் போறா. கடலைப் பாக்குறா. கரையில உக்காந்துகிட்டு சும்மா பாத்துகிட்டே இருக்கா. அங்க களை இல்ல பாருங்க.”

பூம்புகாரை அவர் அப்படித்தான் சொல்வார். அப்புறம் என்ன ஆகும் என்று கேட்டேன். அதற்கு அப்புறம் இன்னும் யோசிக்கவில்லை என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை சீர்காழிக் கார் வந்து நின்றது. அப்பா, அம்மா, லீவில் வந்திருந்த பையன் என்று மூன்று பேர் மட்டும். கேசரி, காப்பி எல்லாம் ஆனது. மாப்பிள்ளையின் அம்மா பெண்ணைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கையைப் பிடித்துக்கொண்டார். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. உரக்கடைக்காரர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தொண்டையைச் செருமினார். நல்ல மனிதர், சொல்ல வந்ததைச் சொல்லவே சங்கடப்பட்டார்.

“பொண்ணைப் பத்தி எங்களுக்கு ஒரு குறையும் இல்லீங்க. அந்தப் படம் ஒன்னு காமிச்சாங்க. அதுல நீங்கதானாமே.”

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். முந்தின நாள் அம்மாவிடம் கெஞ்சியிருக்கிறாள், நீ இல்லை என்று சொல்லிவிடு, வேறு யாரோ என்று சொல்லிவிடு என்று. அக்கா இல்லையென்று சொல்ல மாட்டார் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

“நான்தாங்க” என்றார் அக்கா. “மூணுலயும்.”

“சிரிக்க நல்லாத்தான் இருக்கு. நானே சிரிச்சேன். ஆனா உசுரோட இருக்கறவங்க படத்துக்கு மாலையப் போட்டு, பாடையில படுத்து... எங்க வூட்ல மனசு சங்கடப்படுறாங்க. பழையது போவட்டும். இனிமேலும் உண்டா? உங்களுக்கு அதுல இஷ்டம்னா நாங்க எப்புடித் தடுக்கறது. அதான் கேக்குறேன்.”

நான் அக்காவின் முகத்தைப் பார்க்கப் பயந்துகொண்டு, சுவரில் மாட்டியிருந்த அவர் கணவரின் படத்தைப் பார்த்தேன். இஷ்டமா என்று கேட்டுவிட்டார்கள். உப்பு இருக்கிறதா என்று கேட்டால்கூடப் பொய் சொல்லத் தெரியாதவரிடம் கேட்டுவிட்டார்கள். பாப்பாவின் கல்யாணம் இதோடு நின்றது என்று நினைத்தேன்.

அக்கா சிரித்தார். ஒரு சலிப்புச் சிரிப்பு. அப்படி ஒரு சிரிப்பு அவரிடம் இருப்பதே எனக்குத் தெரியாது.

“இஷ்டமா? அதுல என்னாங்க இஷ்டம் வேண்டிக் கெடக்கு. தம்பி வந்து வந்து நின்னாரு, தட்ட முடியல. வெயில்ல காஞ்சதுதான் மிச்சம். வுட்டாப் போதும்னு இருந்தேன். இனிமே யாரு போவா?”

ஒரு சொல் தடுக்கவில்லை. கண் அங்கே இங்கே ஓடவில்லை. முந்தானையை எடுத்துக் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டார், அந்த வெயில் இன்னும் மேலே காய்வது போல. மாப்பிள்ளையின் அம்மா, பாவம், எவ்வளவு சிரமப்பட்டிருக்கிறார் என்று உச்சுக் கொட்டினார். ஆறு முறை, பத்து முறை எடுத்தும் மூன்று படத்தில் எனக்குக் கிடைக்காதது, ஒரே முறையில், கேமரா இல்லாத இடத்தில் நடந்துகொண்டிருந்தது.

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

“ஆமாங்க” என்றேன். “நான்தான் வற்புறுத்தி... அவங்களுக்கு அறவே பிடிக்காது. இனிமே எடுக்கறதா இல்ல.” என் குரல் எனக்கே நம்பும்படியாக இல்லை. உரக்கடைக்காரர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம், “உங்க நடிப்பையும் படத்துல பாத்தேன்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மகளும் சிரித்தாள். அவள் அம்மாவைப் பார்த்த பார்வையில் சந்தேகத்தின் நிழல்கூட இல்லை. பெற்ற மகளே நம்பிவிட்டாள்.

தட்டு மாற்றிக்கொள்ளலாம் என்று பேச்சு முடிந்தது. வெற்றிலைத் தட்டை எடுத்துவர அக்கா எழுந்தார். என் நாற்காலியைத் தாண்டும்போது, கீழே எதையோ எடுப்பவர் போலக் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் கேட்டார்.

“சரியா வந்துச்சா தம்பி?”

தலையாட்டினேன்.